ஒன்பதாவது குசினி

1997ஆம் ஆண்டு மாசி மாதம் ஜெகதீஸ்வரிக்கு வெள்ளவத்தையில் பன்னிரண்டு வீடுகளின் குசினிகளுக்குள் போய்வருகிற வேலை வந்தது.

அவள் கொட்டாஞ்சேனையில் தாயுடன் இருந்தாள். வயது முப்பத்து நான்கு. ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் பதினொரு வருடமாக வேலை. வீட்டுக் குசினிகளின் காற்றில் என்னென்ன பூஞ்சணம் மிதக்கிறது, அந்த வீடுகளில் யாருக்கு இழுப்பு, யாருக்கு விடாத இருமல் என்று பார்க்கிற ஆய்வொன்றை அவளுடைய மேலதிகாரி டொக்டர் ஸவாஹிர் தொடங்கியிருந்தார். கொழும்பு முழுக்க நாற்பது வீடுகள். "வெள்ளவத்தையில தமிழ் வீடுகள்தானே, நீங்க போனாத்தான் கதவு தெறப்பாங்க" என்று சொல்லி அந்தப் பன்னிரண்டையும் அவளிடம் கொடுத்தார்.

வேலை சுலபம். பூஞ்சணத்துக்கு உணவாக ஒரு கூழை ஊற்றி உறையவைத்த வட்டத் தட்டை அடுப்புக்குப் பக்கத்தில் நெஞ்சளவு உயரத்தில் வைத்து மூடியைத் திறக்க வேண்டும். இருபது நிமிடம். காற்றிலிருக்கிற கண்ணுக்குத் தெரியாத வித்துகள் தாமாக வந்து விழும். மூடி ஒட்டி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனால் ஐந்தாம் நாள் ஒவ்வொரு வித்தும் ஒரு புள்ளியாக முளைத்திருக்கும். பிறகு எண்ணுவதுதான்.

கஷ்டம் தட்டுகளை ரோட்டில் கொண்டுபோவது. கால்வாய்ப் பாலத்துச் செக் பொயின்ற்றில் ஒரு சிப்பாய் அவளுடைய றெஜிபோம் பெட்டியைத் திறக்கச் சொன்னான்.

"மொனவத மே?" இது என்ன என்று கேட்டான்.

"புஸ்" என்றாள். பாணில் பிடிக்கிற பூஞ்சணத்துக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர்.

அவன் பக்கத்திலிருந்தவனைக் கூப்பிட்டு, இந்தத் தங்கச்சி பூஞ்சணம் கொண்டு திரிகிறாளாம் என்று சொல்லிச் சிரித்தான். ஆனாலும் ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்த்தான். திறந்த தட்டு வீண். அன்றைக்கு ஆறு தட்டுகளை அவள் குப்பையில் போட்டாள்.

ஒன்பதாவது வீடு காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருந்தது. வீட்டுக்காரி பாலேஸ்வரி, அறுபது வயது, கணவனை இழந்தவள். முன்பக்கத்தில் தான் இருந்துகொண்டு, பின்னால் ஒரு அறையையும் குசினியையும் நேசமலர் என்ற யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். பாலேஸ்வரி சிரிக்காத முகம். "அளந்துபோட்டு கெதியாப் போங்கோ. வீட்டுக்கு ஆக்கள் வந்துபோறது எனக்குப் பிரச்சினை" என்றாள்.

நேசமலருக்கு நாற்பத்தைந்து இருக்கும். குசினியில் மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு மேசை, மூலையில் கூரைவரை அடுக்கிய சாக்குகளும் பெட்டிகளும். ஒழுங்கையைப் பார்த்த ஒரே சன்னலில் பலகை அடித்து, அதற்கு மேல் மெழுகுசீலையும் ஒட்டியிருந்தது. பகல் பத்து மணிக்கு மின்குமிழ் எரிந்தது. சுவர் இடுப்பளவுக்குக் கறுத்துப் பூத்திருந்தது. ஜெகதீஸ்வரி மூச்சை உள்ளே இழுத்ததுமே பழைய ஈரச்சாக்கு மணம் தொண்டையில் பிடித்தது.

"சன்னல் திறக்கிறேல்லையோ அக்கா?"

"கள்ளருக்குப் பயம், பிள்ளை" என்றாள் நேசமலர்.

ஐந்தாம் நாள் அந்தத் தட்டில் எண்பத்தாறு புள்ளிகள். மற்ற வீடுகளில் பத்து, பதினைந்து, கூடினால் முப்பது. அதிலும் பாதிக்கு மேல் நீலமும் பச்சையும் புகையும் கலந்த நிறத்தில் வெல்வெற் மாதிரி விரிந்திருந்தன. நெஞ்சில் பழைய புண் உள்ளவர்களின் சுவாசப்பைக்குள் போனால் அங்கேயே குடியிருந்துவிடுகிற இனம் அது. பிழை நடந்திருக்குமோ என்று இன்னொரு தடவை போய் வைத்தாள். எண்பத்தொன்று.

மூன்றாம் முறை போனபோது முடிவை நேசமலரிடம் சொன்னாள். "இந்தக் குசினிதான் அக்கா பன்னிரண்டிலும் மோசம். சன்னலைத் திறக்கத்தான் வேணும். இந்தக் காத்தைக் குடிச்சுக்கொண்டு ஒருத்தரும் இருக்கேலாது."

சாக்கு அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் வந்தது. வாயில் துணியை அமுக்கிக்கொண்டு இருமுகிற இருமல். அடக்க அடக்க அது பெரிதாயிற்று. நேசமலர் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து ஜெகதீஸ்வரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. என்ர மனுசன்."

சண்முகலிங்கம் சாக்குகளுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். நாற்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கிற வேலை பார்த்தவர். தோள் எலும்புகள் சட்டைக்கு மேலால் தெரிந்தன. "இருங்கோ தங்கச்சி" என்று, அது ஏதோ விறாந்தை மாதிரி, மேசைக்குப் பக்கத்திலிருந்த ஒரே வாங்கைக் காட்டினார்.

கதையை இருவருமாகத் தாழ்ந்த குரலில் சொன்னார்கள். தொண்ணூற்றைந்தில் ஒரே மகளைக் கனடாவுக்கு அனுப்பவென்று நேசமலர் கொழும்புக்கு வந்தவள். கொழும்பில் தங்குகிற வெளியூர்த் தமிழர் பொலிஸில் பதிய வேண்டும்; அவள் பதிந்திருக்கிறாள். அவர் அதே வருட ஐப்பசியில் யாழ்ப்பாணமே எழும்பிப்போன இடப்பெயர்வில் சனத்தோடு சனமாகச் சாவகச்சேரிக்கு நடந்ததில் அடையாள அட்டை இருந்த பையைத் தவறவிட்டார். பிறகு கிராம விதானையாரின் கடிதத்தோடு வவுனியாவில் ஒரு மாதப் பாஸ் எடுத்து இங்கே வந்தார். பாஸ் முடிந்தது. புதுப்பிக்கப் போக இருந்த கிழமை பக்கத்து ஒழுங்கையில் சுற்றிவளைப்பு நடந்தது. கடிதாசி சரியில்லாத பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் இருவர் எங்கே என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்குக் குசினிக்குள் போனவர்தான். ஒழுங்கை முடிவில் ரயில் பாதையோரம் காவலரண். ஆமிக்காரர் சன்னலுக்குக் கீழாலேயே நடப்பார்கள். எட்டு மாதம்.

"வீட்டுக்கார அன்ரிக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சால் அண்டைக்கே எழுப்பிப்போடுவா" என்றாள் நேசமலர்.

ஜெகதீஸ்வரி அவர் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். அவர் அதை மடித்து மறைத்தார். மடிப்பில் சிவப்பு இருந்தது.

"முந்தி நெஞ்சு வருத்தம் வந்ததோ அண்ணை?"

"இருபத்திரண்டு வயசிலை சயரோகம். ஒரு வருசம் மருந்து குடிச்சு மாறினது. அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை. இங்கை வந்தாப்போலைதான்."

டொக்டர் ஸவாஹிரிடம் மட்டும் அவள் சொன்னாள். பெயர் சொல்லவில்லை. அவர் கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பழைய சயரோகக் குழிக்குள்ள பூஞ்சணம் போய் உருண்டையாக் கட்டுது. அது ரத்தக்குழாயை அரிச்சா ஒரே நாள்ல முடிஞ்சிரும். எக்ஸ்ரே எடுக்கணும். நான் வண்டியில கூட்டிப்போறன். என்னைய மறிச்சுக் கேட்டா என்ட பேஷண்ட் எண்டு சொல்லுவன்."

ஜெகதீஸ்வரி அதைச் சொல்லப் போனாள். சண்முகலிங்கம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"பெரிய மனுசன். நன்றி சொல்லுங்கோ. ஆனா என்னைப் பிடிச்சால் அவரையும் பிடிப்பாங்கள். நேசத்தையும் பிடிப்பாங்கள். எக்ஸ்ரேக்காக மூண்டு பேர் உள்ளுக்குப் போக வேணுமோ?"

"உயிருக்காக, அண்ணை."

"மகளின்ரை ஸ்பொன்சர் வரட்டும். ஆடிக்குள்ளை வந்திடும் எண்டு எழுதியிருக்கிறாள். அதுக்குப் பிறகு கனடாவிலை எக்ஸ்ரே எடுப்பம்." சொல்லிவிட்டுத் தானே கொஞ்சம் சிரித்தார்.

அவரை அசைக்க முடியவில்லை. சரி, குசினியையாவது மாற்றுவோம் என்று ஜெகதீஸ்வரி நினைத்தாள். அடுத்தமுறை பிளீச்சிங் பவுடர் வாங்கிக்கொண்டு போய் நேசமலரிடம் கொடுத்தாள். "தண்ணியிலை கரைச்சுச் சுவரைக் கழுவுங்கோ" என்றாள். அன்றைக்கு நேரம் பிந்திவிட்டது. காலி வீதியில் ஏதோ பதற்றம், பஸ் நின்றுவிடப்போகிறது என்று சொன்னார்கள். அவசரமாக வெளிக்கிட்டாள். சுவரை முதலில் நனைக்க வேண்டும், காய்ந்தபடி சுரண்டக் கூடாது, சுரண்டினால் இருப்பதெல்லாம் காற்றில் கிளம்பும், முக்கியமாக அண்ணை அந்த நேரம் குசினிக்குள் இருக்கக் கூடாது. இது ஒன்றையும் அவள் சொல்லவில்லை.

அடுத்த கிழமை போனபோது சுவர் வெளுத்திருந்தது. சண்முகலிங்கம் பெருமையோடு நின்றார்.

"நேசம் சந்தைக்குப் போன நேரம் நான்தான் செய்தனான். தேங்காய்ப் பொச்சாலை உரஞ்சு உரஞ்சு எடுத்து, பிறகுதான் மருந்து பூசினனான். ஒரு நாள் முழுக்க வேலை. எட்டு மாசத்துக்குப் பிறகு ஒரு வேலை செய்தன், தங்கச்சி."

காய்ந்த சுவரை உரஞ்சியது பிழை என்று அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளால் முடியவில்லை. "நல்லாச் செய்திருக்கிறியள் அண்ணை" என்றாள்.

சன்னலுக்கும் அவரே வழி கண்டுபிடித்திருந்தார். தபால் பை ஏற்றி இறக்கின காலத்திலிருந்து ரயில் நேரங்களை மனப்பாடம் பண்ணுவது அவருக்குப் பழக்கம். கடற்கரைப் பாதையில் காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை கந்தோர் ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அந்த நேரம் காவலரண்காரர் முழுப்பேரும் பாதையைத்தான் பார்ப்பார்கள். அந்த இரண்டு மணித்தியாலமும் பலகையைக் கழற்றி, பழைய சேலையொன்றைத் திரையாகத் தொங்கவிட்டார். பின்னேரமும் அப்படியே.

"இருமலையும் ரயிலுக்கு எண்டு வைச்சிருக்கிறன்" என்றார். "எட்டு அஞ்சு ரயில் வருகுது எண்டால் நெஞ்சுக்கே தெரியும்."

அந்தக் கிழமைத் தட்டில் பத்தொன்பது புள்ளிகள்தான். மூடி ஒட்டியபடி அதையும் பழைய தட்டையும் கொண்டுவந்து காட்டினாள். அவர் இரண்டையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். எண்பத்தாறு, பத்தொன்பது என்று மனைவிக்குச் சொன்னார். அன்றைக்கு நேசமலர் முதன்முதலாக ஜெகதீஸ்வரியைச் சாப்பிடச் சொல்லி மறித்தாள். பாணும் சம்பலும் ஒரு முட்டைப்பொரியலும். மூன்று பேரும் சத்தமில்லாமல் சிரித்துச் சாப்பிட்டார்கள்.

வைகாசி கடைசியில் ஒரு சனிக்கிழமை முற்பகல் அவள் மறுபடி தட்டு வைக்கப் போனாள். மூடியைத் திறந்து மேசையில் வைத்தாள். சண்முகலிங்கம் வாங்கில் இருந்து மகளின் கடிதத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். கதையின் நடுவில் நிறுத்தினார். தொண்டைக்குள் ஏதோ சூடாக வருகிறது என்பதுபோல் கையை நெஞ்சில் வைத்தார். பிறகு இருமினார். துணி போதவில்லை. இரண்டு கைகளும் போதவில்லை.

நேசமலர் கத்தவில்லை. அந்த நேரத்திலும் அவள் கத்தவில்லை. "ஐயோ" என்று வாயை மட்டும் திறந்தாள். கத்தியது ஜெகதீஸ்வரிதான்.

கதவு திறந்தது. பாலேஸ்வரி கையில் இரண்டு துவாயோடு நின்றாள். யார் இது என்று அவள் கேட்கவில்லை. "சரிச்சுப் பிடியுங்கோ, தலையை நிமித்தாதேங்கோ. நான் ஓட்டோ பிடிக்கிறன்" என்று சொல்லிச் செருப்பில்லாமல் ஒழுங்கையில் ஓடினாள்.

சண்முகலிங்கம் பத்து மாதத்துக்கு மேல் பார்க்காத வெயிலுக்குள் அவரைத் தாங்கிக் கொண்டுவந்தார்கள். ஓட்டோவில் நேசமலரின் மடியில் தலை. ஜெகதீஸ்வரி கால்மாட்டில். பாலத்துச் செக் பொயின்ற்றில் வரிசை நின்றது. ஓட்டோக்காரன் வரிசையை விட்டு விலகி முன்னுக்குக் கொண்டுபோய் நிறுத்தினான். ஒரு சிப்பாய் துவக்கோடு குனிந்து உள்ளே பார்த்தான். நேசமலர் கண்களை மூடிக்கொண்டாள்.

துவாய் முழுக்கச் சிவப்பு. சிப்பாயின் முகம் மாறியது.

"லே!" என்றான், இரத்தம் என்று. நிமிர்ந்து கம்பத்தைத் தானே தூக்கி, கெதியாகப் போகச் சொல்லிக் கத்தினான். "யன்ன, யன்ன! இக்மனட்ட யன்ன!"

ஆஸ்பத்திரியில் அனுமதித் துண்டு எழுதுகிறவர் பெயர் கேட்டார், வயது கேட்டார், விலாசம் கேட்டார். நேசமலர் ஒழுங்கையின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டு, "வாட்டுக்குக் கொண்டுபோங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு தாதி ஓடிவந்தாள். ஒரு இளம் டொக்டர் ஓடிவந்தார். எல்லோரும் தங்களால் ஏலுமானதைச் செய்தார்கள். ஒன்றரை மணிக்குச் சண்முகலிங்கம் இறந்துபோனார்.

நேசமலர் வாட்டுக்கு வெளியே சுவரோடு இருந்தாள். அழவில்லை. ஜெகதீஸ்வரி பக்கத்தில் இருந்தாள். நேசமலர் அவள் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"ஒருத்தரும் அடையாள அட்டை கேக்கேல்லை, என்ன?"

"ஓம் அக்கா."

"அந்தப் பெடியன் கேக்கேல்லை. துண்டு எழுதினவர் கேக்கேல்லை. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை, பிள்ளை." அவள் தன் நெற்றியில் அடித்தாள். "முந்தியே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே! முந்தியே வந்திருக்கலாமே!"

இரத்தத்தைக் கண்டபடியால்தான் கேட்கவில்லை, நடந்துவந்திருந்தால் கேட்டிருப்பார்கள் என்று ஜெகதீஸ்வரிக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். சொன்னால் ஆறுதலா இல்லையா என்று தெரியாமல் நிறுத்திவிட்டாள்.

மரண விசாரணைக்காகப் பொலிஸ் வீட்டுக்கு வந்தது. பதியாத ஆள் எப்படி இங்கே வந்தார் என்று கேட்டார்கள். பாலேஸ்வரி முன்னால் வந்து நின்றாள். நல்ல சிங்களத்தில், அவர் மருத்துவத்துக்காக மூன்று நாளைக்கு முந்தித்தான் வந்தவர், பதிய நேரமில்லாமல் வருத்தம் முற்றிவிட்டது, பிழை என்னுடையது என்று சொன்னாள். கொன்ஸ்டபிள் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு கொப்பியில் சண்முகலிங்கத்தின் பெயரை எழுதினான். கொழும்பில் அவர் பதியப்பட்டது அன்றைக்குத்தான்.

அவன் போனதும் நேசமலர் கேட்டாள். "அக்கா, உங்களுக்கு எப்ப தெரியும்?"

"வந்த மாசமே தெரியும்" என்றாள் பாலேஸ்வரி. "இருமினால் நான் முன்னுக்கு ரேடியோவைக் கூட்டி வைப்பன். தெரிஞ்ச மாதிரிக் காட்டினால் நீங்கள் பயந்து வேறை எங்கையும் போயிடுவியள் எண்டுதான்." இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒரே வீட்டுக்குள் மூன்று பேரும் ஆளுக்காள் மறைத்து இருந்த பத்து மாதத்தையும் சேர்த்து அழுதமாதிரி இருந்தது.

அன்றைக்குத் திறந்துவைத்த தட்டு மேசையிலேயே கிடந்தது. ஜெகதீஸ்வரி அதை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகவில்லை.

திங்கட்கிழமை டொக்டர் ஸவாஹிரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். சுவர் சுரண்டியதையும் சொன்னாள்.

"நனைச்சுச் செய்யச் சொல்ல மறந்திட்டன் சேர். அவர் ஒரு நாள் முழுக்க அதுக்குள்ள நிண்டு சுவாசிச்சிருக்கிறார்."

"அதுக்கு முந்தியே ரத்தம் வந்ததுதானே? உருண்டை கட்ட மாசக்கணக்கு எடுக்கும். அந்த ஒரு நாளால இல்ல."

"உண்மையாவோ சேர்?"

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "அப்பிடித்தான் நினைக்கிறன்" என்றார். "நிச்சயமாச் சொல்ல ஏலாது, ஜெகதீஸ்வரி. உங்கட மூணு தட்டையும் எடுத்துவெச்சுப் பாத்தாலும் சொல்ல ஏலாது."

மிச்ச வீடுகளுக்கு அவள்தான் போய் வேலையை முடித்தாள். கதவடியில் பிளீச்சிங் பவுடர் கதை வந்தால், நனைக்க வேண்டும் என்பதை இரண்டுதரம் சொல்லி, கேட்டவர்களைத் திரும்பச் சொல்லவும் வைத்தாள். சிலர் எரிச்சல்பட்டார்கள்.

முப்பத்தோராம் நாளுக்கு முதல்நாள் காலை சாம்பலைக் கரைக்கப் போனார்கள். ஆண் துணை ஒருவரும் இல்லாததால் நேசமலரே சாம்பல் மண்முட்டியைச் சுமந்தாள். ஒழுங்கை வழியே நூறு யார் நடந்து தண்டவாளத்தைக் கடந்தால் கடல். காவலரணில் இருந்தவன் வெள்ளைத்துணி கட்டிய முட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தென்மேல் பருவக்காற்றில் அலை பாறைகளில் ஏறி அடித்தது.

"இவ்வளவு நாளும் இதுக்குப் பக்கத்திலைதான் இருந்தவர்" என்றாள் நேசமலர். "ஒருநாளும் காணேல்லை. சத்தத்தைக் கேட்டுப்போட்டு, எங்கடை கீரிமலைக் கடலை விட இது முரட்டுக் கடல்போலை கிடக்குது எண்டு சொல்லுவார்."

முட்டி கையை விட்டுப் போனபின்பும் அவள் முழங்கால் தண்ணீரில் நின்றாள். ஜெகதீஸ்வரியும் பாலேஸ்வரியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஸ்பொன்சர் கடிதாசி ஆடியில் வரவில்லை. ஐப்பசியில் வந்தது. இரண்டு பேருக்கும் சரிவந்திருந்தது. நேசமலர் அந்தப் பெரிய கவரோடு கொட்டாஞ்சேனைக்கு வந்து ஜெகதீஸ்வரியைத் தேடிப் பிடித்தாள். ஒரு ஆள் இல்லை என்று தூதரகத்துக்கு இங்கிலீஷில் எழுதித்தர வேண்டும்.

"செத்துப்போனார் எண்டு போடாதேங்கோ, பிள்ளை. கொஞ்சம் மெதுவான சொல்லாய்ப் போடுங்கோ."

ஜெகதீஸ்வரி எழுதினாள். அவர் பெயர், பிறந்த திகதி, இறந்த திகதி. மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியை ஊசியால் குத்தி வைத்தாள். நேசமலர் எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். தை மாதம் அவள் தனியாகப் பயணப்பட்டாள்.